இதயத்தைச் சுற்றிக்கொண்டு வரும் குரல்

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருந்தார்: "பயிற்சி வகுப்பில் 'ஒட்டகச்சிவிங்கி மொழி' என்று சொல்லிக்கொடுத்தார்கள். தரையில் வாழும் விலங்குகளிலேயே அதற்குத்தான் இதயம் பெரிது, அதனால் அன்பான பேச்சுக்கு அது அடையாளமாம். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாமா?"

அப்படியே சொல்ல வேண்டாம் டீச்சர். யானையின் இதயம் அதைவிடப் பெரியது. ஒட்டகச்சிவிங்கியின் இதயம் சுமார் 11 கிலோ. உடல் எடையில் கிட்டத்தட்ட அரை சதவீதம். நமக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். இரண்டு மீட்டர் உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால் அதன் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கும், ரத்த அழுத்தமும் நம்மைப் போல் இரு மடங்கு. சாதுவான பிராணி என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்கள் கழுத்தைச் சுழற்றி ஒன்றையொன்று பலமாக அடித்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பயிற்சியை நான் மதிக்கிறேன். அதை உருவாக்கியவர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) என்ற அமெரிக்க உளவியலாளர். கையில் ஒட்டகச்சிவிங்கி பொம்மையும் நரி பொம்மையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர். தன் முறைக்கு 'வன்முறையற்ற தொடர்பாடல்' என்று பெயர் வைத்தார். அதிலுள்ள 'வன்முறையற்ற' என்ற சொல்லைக் காந்தி சொன்ன பொருளிலேயே எடுத்துக்கொண்டார். 1921இல் மதுரை மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. பார்த்ததைச் சொல், மனதில் பட்டதைச் சொல், என்ன தேவை என்று சொல், பிறகு வேண்டியதைக் கேள். இவ்வளவுதான் முறை. இதில் முதல் படிதான் கஷ்டம். "நீ எப்பவுமே லேட்டு" என்பது தீர்ப்பு. "இந்த வாரம் மூணு நாள் ஒன்பதரைக்கு வந்தே" என்பது பார்த்தது.

பிள்ளைகளிடம் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இதயத்தின் அளவை விட்டுவிடுங்கள். அதன் குரல் நரம்பைக் காட்டுங்கள்.

குரல்வளைத் தசைகளை அசைக்கும் நரம்பு வேகஸ் என்ற பெரிய நரம்பின் கிளை. மூளைக்கும் குரல்வளைக்கும் நடுவே நேர்வழியில் போனால், பூக்காரர் கணக்கில் ஒரு முழத்துக்கு மேல் போகாது. ஆனால் இடப்பக்க நரம்பு நேர்வழியில் போவதில்லை. கழுத்து முழுக்கக் கீழே இறங்கி, நெஞ்சுக்குள் நுழைந்து, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவுக்கு அடியில் ஒரு கொக்கி போட்டுத் திரும்பி, மறுபடி கழுத்து முழுக்க ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. மொத்தம் நான்கு மீட்டருக்கு மேல். மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போக வேண்டியவர் ஊரைத் தாண்டித் திருமங்கலம் போய்த் திரும்பி வருவது மாதிரி.

ஏன் இப்படி? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் அத்தை முப்பது வருஷமாக அங்கேதான். நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இரண்டு நுனியையும் கையில் பிடித்துக்கொள்வார். காலை மடக்கியிருக்கும்போது நார் ஒரு சாண்தான். காலை நீட்டினால் கையிலிருந்து விரல் வரைக்கும் போய், திரும்பிக் கை வரைக்கும் வரும். இரண்டு நுனியும் பக்கத்துப் பக்கத்தில், நடுவே மட்டும் அவ்வளவு நீளம். ஒரு நுனி மூளை, இன்னொன்று குரல்வளை, கட்டைவிரல் ரத்தக்குழாய். மீனுக்குக் கழுத்து கிடையாது. இதயம் செவுளுக்கு அருகிலேயே இருக்கும். அங்கே வேகஸின் கிளை ஒரு செவுள் தமனிக்குப் பின்னால் நேராகப் போனது, சுற்றே இல்லை. அந்த வம்சத்தில் வந்த விலங்குகளுக்குக் கழுத்து முளைத்து, இதயம் நெஞ்சுக்கு இறங்கியபோது, தமனியும் கூடவே இறங்கியது. அதில் மாட்டியிருந்த நரம்பு அறுந்து வேறு வழியில் ஒட்டிக்கொள்ள முடியாது. இறங்க இறங்க வளர்ந்தது. இன்றும் ஒவ்வொரு கருவிலும் அதே கதை நடக்கிறது. தாயின் வயிற்றில் நமக்கும் இதயம் முதலில் கழுத்தை ஒட்டியே உருவாகிப் பிறகுதான் கீழே இறங்குகிறது. உங்கள் குரல் நரம்பும் என் குரல் நரம்பும் இதே சுற்றில்தான் வருகின்றன; நம் கழுத்து குட்டை என்பதால் வெளியே தெரிவதில்லை.

இதயம் சொல்லித்தான் வாய் பேசுகிறது என்று இதிலிருந்து யாரும் கதை கட்டிவிட வேண்டாம். இது வம்சாவளி விட்டுப்போன தடம், அவ்வளவே. ஆனால் அந்தத் தடத்துக்கு என்ன அர்த்தம் என்று என் வீட்டிலேயே பார்த்தேன்.

நாலு வருஷத்துக்கு முன் அத்தைக்குக் குரல் கம்மியது. "கூவிக் கூவித் தொண்டை போச்சுப்பா" என்றார். பக்கத்துக் கடைக்காரர் கண்ணு பட்டுவிட்டது என்றார், இன்னொருவர் செய்வினை என்றார். கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். நாங்கள் போன முதல் மருத்துவமனையிலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொண்டைப் புண் என்று மூன்று மாதம் மருந்து கொடுத்தார்கள். நானும் "சத்தத்தைக் குறைங்கத்தே" என்றுதான் சொன்னேன். இரண்டாவதாகப் பார்த்த இளம் டாக்டரம்மா மட்டும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, குரல் மாறினது எப்பலருந்து? படி ஏறினா எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ரெண்டு வருசமா மூச்சு வாங்குது தாயி. யாரும் கேக்கல" என்றார் அத்தை.

சின்ன வயதில் வந்த தொண்டைத் தொற்று வாதக்காய்ச்சலாகி, இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கியிருந்தது. அதனால் இடது மேலறை வீங்கி, நுரையீரல் தமனியும் பருத்து, மகாதமனிக்கு அடியில் வளையும் அந்த நரம்பை நெருக்கிவிட்டன. இடப்பக்கக் குரல்நாண் அசையவில்லை. வியன்னா மருத்துவர் ஓர்ட்னர் 1897லேயே எழுதி வைத்த நோய் இது. பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். குரல் முக்கால்வாசி திரும்பியது. யாருக்காவது மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால் கயிறு கட்டாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதை எத்தனை முறை எழுதவும் எனக்குச் சலிப்பில்லை.

நரம்பு எப்படி ஓடுகிறது என்று அறுத்துப் பார்த்துப் படம் போட்டவர்களிடமும் "இதனால என்ன பிரயோஜனம்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் நிதி கேட்டுப் போகும் பிள்ளைகள் முதலில் சந்திக்கும் கேள்வி அதுதான். அந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

இதையெல்லாம் அத்தையிடம் நாரை வைத்தே விளக்கியபோது, "அவ்வளவு தூரம் சுத்தி வந்தா அந்த ஜீவனுக்குக் குரல் வருமா?" என்று கேட்டார்.

வரும். அது ஊமை என்றே ரொம்ப நாள் நம்பினார்கள். 2015இல் வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் மூன்று ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களில் 900 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்து கேட்டார்கள். இரவில் அவை முனகுகின்றன. அடித்தொண்டையில், சராசரியாக 92 ஹெர்ட்ஸ். எதற்கு முனகுகின்றன என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இரவில் கேட்டது, இப்படி இருந்தது என்று எழுதினார்கள்.

"ராத்திரியெல்லாம் உக்காந்தா கேட்டாங்க?"

"மைக் வச்சுப் பதிவு பண்ணி, அப்புறம் கேட்டிருக்காங்கத்தே."

"தொள்ளாயிரம் மணி நேரமுமா?"

"ஆமா, அவ்வளவு நேரமும் பதிவு பண்ணாங்க."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாரை மறுபடி விரலில் மாட்டினார்.