காலையில் வெள்ளி பூத்த டீக்கால்

"ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலுக்கு ராத்திரி உட்கார்ந்து டீக்கால் ஒட்டினேன். அப்போது பெயின்டால் எழுதியது போலவே இருந்தது. காலையில் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளி பூத்தது போல ஒரு படலம். டீக்கால் மட்டமா, பெயின்ட் மட்டமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (டீக்கால் என்பது மாடல்மேல் ஒட்டும் அச்சிட்ட சின்னம், எழுத்து.)

இரண்டையும் விட்டுவிடலாம். இது காற்று செய்த வேலை. ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் கெட்டது என்கிறாரே, துப்பு அதிலேயே இருக்கிறது.

மாடல் கட்டும் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1/72 அளவில் ஆறு அடி ஒரு அங்குலமாகச் சுருங்கும். அதனால் 11.23 மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் 15.6 சென்டிமீட்டராகி, ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். விமானி அறையை முடித்து, உடலின் இரு பாதிகளைச் சேர்த்து, இறக்கையைப் பொருத்தி, ஒட்டிய கோட்டை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. (மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் 'சிமென்ட்' என்ற பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு ஓரங்களையும் இளக்கிக் கலக்கவிட்டு ஆவியாகிவிடும். அது தனிக் கதை.) அப்புறம் 1940 கோடைக்கால பிரிட்டிஷ் விமானப்படை வண்ணம்: மேலே அடர்பச்சையும் மண்பழுப்பும், வயிற்றில் வெளிர்பச்சை சாயலுள்ள 'ஸ்கை'. எல்லாமே மேட், அதாவது பளபளப்பில்லாதது. வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக நிஜ விமானத்துக்கு அடித்த பூச்சு அது.

சிக்கல் அந்த மேட்டில்தான் தொடங்குகிறது. மேட் பரப்பைப் பூதக்கண்ணாடி போதாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதற்காகவே பெயின்டில் சிலிக்கா போன்ற நுண்பொடியைக் கலக்கிறார்கள். டீக்காலோ மெல்லிய வார்னிஷ் படலத்தில் அச்சிட்ட சின்னம். தண்ணீரில் நனைத்தால் தாளிலுள்ள கோந்து கரைந்து, படலம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதை மேட் பெயின்டின் மேல் வைப்பது, ஜல்லிக் குவியல்மேல் போர்வை விரிப்பது மாதிரி. மேடுகளைத் தொடும், பள்ளங்களுக்குள் இறங்காது.

இனி பள்ளிக்கூட ஒளியியல். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எல்லையில் கொஞ்சம் திரும்பிவிடும். எவ்வளவு என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1, வார்னிஷ் படலத்துக்கு ஏறக்குறைய 1.5, பெயின்டின் பிசினுக்கும் அதே 1.5. படலமும் பெயின்டும் ஒட்டி நின்றால் அந்த எல்லையில் ஏறக்குறைய எதுவும் திரும்பாது. ஒளிக்கு அங்கே எல்லை என்ற ஒன்றே தெரியாது. நடுவே காற்று புகுந்துவிட்டால் புதிதாக இரண்டு எல்லைகள் முளைக்கின்றன: படலத்திலிருந்து காற்றுக்கு ஒன்று, காற்றிலிருந்து பெயின்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் திரும்பும், மொத்தம் 8.

எட்டு சதவீதம் சின்னக் கணக்குதானே என்று தோன்றும். ஆனால் அடர்பச்சை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் நிறம். அது திருப்பித் தரும் சொற்பத்தோடு இந்த எட்டும் சேர்ந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதோடு, கரடுமுரடான பரப்பு அந்த ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. எல்லா நிறமும் சேர்ந்து சிதறினால் வெள்ளை. சோப்பு நுரையும் பனியும் தூளாக்கிய கண்ணாடியும் வெளுத்துத் தெரிவதற்கு இதே காரணம்தான். வெளிர் வயிற்றில் ஒட்டிய டீக்காலில் இந்த வெள்ளி கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாமல் போவதும் இதனால்தான்.

சரி, ராத்திரி ஏன் தெரியவில்லை? அப்போது பள்ளங்களில் தண்ணீர் இருந்தது. தண்ணீரின் எண் 1.33. அது 1.5-க்குக் கிட்டத்தில் இருப்பதால் ஓர் எல்லையில் அரை சதவீதம்கூடத் திரும்பாது. விடிவதற்குள் தண்ணீர் ஆவியாகி, அது இருந்த இடத்தில் காற்று குடியேறிவிட்டது. நனைந்த துணி கருத்துத் தெரிந்து, காய்ந்ததும் வெளுப்பதும் இதே நாடகம்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் சொதப்பிய ஓர் இறக்கையில் செய்து பார்த்தேன். வெள்ளி பூத்த இடத்தில் ஊசி முனையால் ஒரு துளை போட்டு, டீக்காலை இளக்கும் திரவத்தை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பொட்டு வைத்தேன். துளையைச் சுற்றிப் பச்சை ஒரு வட்டமாக விரிந்துகொண்டே போனது. நுண்துளை ஈர்ப்பில் திரவம் படலத்தின் அடியில் ஊர்ந்து காற்றை வெளியே தள்ளுகிறது. இளகிய படலம் பள்ளத்துக்குள் படிந்துவிட்டால் பிழைத்தோம். படியவில்லை என்றால் காய்ந்ததும் வெள்ளி திரும்பி வந்துவிடும். என் இறக்கையில் பாதி பிழைத்தது.

வருமுன் காப்பது இன்னும் சுலபம். டீக்காலுக்கு முன்னால் கிளாஸ் என்ற பளபளப்பான வார்னிஷ் அடித்துப் பள்ளங்களை நிரப்பிவிட வேண்டும். 'ஃப்யூச்சர்' என்ற பெயரில் விற்ற அக்ரிலிக் தரைப் பாலிஷையே இதற்குப் பயன்படுத்தி, மாடல் கட்டுகிறவர்கள் பல வருடம் ஓட்டினார்கள். தரையில் பள்ளத்தை நிரப்பி வழவழப்பாக்கும் பொருள் இறக்கையில் மட்டும் வேறென்ன செய்யும்?

"அவருக்குக் கைராசி, டீக்கால் பிசகாது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கைராசிக்காரர் முந்தின நாளே கிளாஸ் அடித்துக் காயவைத்திருப்பார், நாம் கவனித்திருக்க மாட்டோம். ராசி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

கடைசியில் போர் விமானம் பளபளக்கக் கூடாதே என்று மேல்பூச்சாக மேட் வார்னிஷ் அடிப்போம். மறுபடியும் மேடு பள்ளம், மறுபடியும் காற்று. இந்தத் தடவை வெள்ளி பூக்காது. கரடு இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, டீக்காலுக்கும் பெயின்டுக்கும் பொதுவாக இருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் கொஞ்சம் வெளுக்கின்றன, நடுவே இருந்த படலத்தின் விளிம்பைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடிவதில்லை.