குடிமராமத்து: சொல்லும் பொருளும்

காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற பெரிய ஏரிகளை உடைய பழைய வட ஆற்காட்டில் குடிமராமத்து என்பது உழவர் நாவில் பழகிய சொல்லாகும். இன்று அது பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கும் தூர்வாரும் வேலைக்குப் பெயராகச் சுருங்கிவிட்டது வருத்தத்துக்குரியது. ஓர் ஏரியின் நீரால் பயிரிடும் குடிகள் அனைவரும் ஊர் வழக்கப்படி தத்தம் பங்குக்கு ஆளும் கருவியும் தந்து, மழைக்கு முன்பே வரத்துக்கால்வாயைத் தூர்வாரி, கரையில் மழை அரித்த பள்ளங்களை அடைத்து, முட்புதர்களை அகற்றி, ஏரி நிரம்பிக் கோடி போகும் (மிகைநீர் வழிந்தோடும்) நாட்களில் கரையைக் காவல் காக்கும் கூட்டுக் கடமையே அச்சொல்லின் முழுப்பொருள். ஊரின் உழைப்பையும் பொருளையும் முறைப்படி திரட்டிப் பங்கிடும் ஏற்பாடு அது.

முற்பாதியான 'குடி' பழந்தமிழ்ச் சொல். குடும்பத்தையும் ஊரில் வாழும் மக்களையும் குறிக்கும். பிற்பாதியான 'மராமத்து', பழுதுபார்த்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாக ஆட்சிச் சொல்லாய்த் தமிழுக்கு வந்தது. பொதுப்பணித் துறையை 'மராமத்து இலாகா' என்று முன்னோர் அழைத்ததும் இதனால்தான்.

1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தக்க காரணமின்றித் தராதவரிடம் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு வாங்க இடமளித்தது. ஊர்க்கட்டுப்பாடு தளரத் தொடங்கியதாலேயே இப்படியொரு சட்டம் தேவைப்பட்டது என்று கருதுகிறேன்.

குடிமராமத்துக்கு நேரான தமிழ்ச்சொல்லாகச் சிலர் 'வெட்டி' என்பதைக் காட்டுவர். சோழர் கல்வெட்டுகளில் வரும் அச்சொல் கூலியின்றிச் செய்யவேண்டிய வேலையைக் குறிப்பது உண்மையே. ஆயினும் அது ஆள்வோருக்குச் செலுத்தும் கடமை, குடிமராமத்தோ தம் ஏரிக்குத் தாமே செய்வது. ஆகவே அது பொருந்தாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் காணும் 'ஏரி வாரியம்' பொறுப்பேற்ற குழுவின் பெயரேயன்றி வேலையின் பெயரன்று. மராமத்துக்கு மட்டும் 'செப்பனிடல்' போதும். முழுச்சொல்லுக்குக் 'குடிச்செப்பனிடல்' என்பதே என் பரிந்துரை. குடி என்னும் முன்னொட்டை விட்டுவிட்டு 'ஏரிச் சீரமைப்பு' என்று எழுதினால், வேலை மட்டும் தெரியும்; அதைச் செய்யக் கடமைப்பட்டவர் யார் என்பது மறைந்துபோகும்.