ஆல்பம்: தொகுப்பா, திரட்டா?

பழைய ஜாஸ், ப்ளூஸ், ராக் என்ற மேற்கத்திய இசை வகைகளைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "தனித்தனிப் பாட்டாகக் கேட்காதே, ஆல்பமாகக் கேள்" என்பது. நல்ல அறிவுரைதான். ஆனால் ஆல்பம் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் உலவுகின்றன. அது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கேட்டால், அருமையான ப்ளூஸ்கூட அரைமணி நேரத்தில் அலுத்துவிடும்.

சொல்லின் கதையைப் பார்ப்போம். வெண்மையைக் குறிக்கும் ‘ஆல்புஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது ஆல்பம். பழைய ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் நாலு வரி வாழ்த்தும் வாங்கி வைத்த ஏடு ஆல்பம் ஆனது. அப்புறம் தபால்தலை, புகைப்படம் என்று எதைச் சேர்த்து வைத்தாலும் ஆல்பம்தான். ராக் குழுவான பீட்டில்ஸ் 1968இல் வெளியிட்ட, அட்டை முழுக்க வெள்ளையான இரட்டைத் தட்டை ரசிகர்கள் ‘வைட் ஆல்பம்’ என்பார்கள். வேர்ச்சொல்லைப் பிடித்துப் போனால் அது ‘வெள்ளை வெள்ளை’.

இசைக்கு இந்தப் பெயர் வந்தது தட்டுகளைக் கட்டிவைத்த விதத்தால். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 10 அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் போலத்தான் பிடிக்கும். ஒரு சிம்பொனி முழுவதற்கும் பல தட்டுகள் வேண்டும். கெட்டி அட்டைக்குள் தாள் உறைகளைப் பக்கங்களாக வைத்துக் கட்டி, உறைக்கு ஒன்றாகத் தட்டுகளைச் செருகி, புத்தகம் மாதிரி விற்றார்கள். உறையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். தட்டை வெளியே எடுக்காமலே லேபிளைப் படித்துவிடலாம். பார்ப்பதற்குப் புகைப்பட ஆல்பம் போலவே இருந்ததால் அதே பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பி தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஏட்டில் இருந்த இசை ஒரே தட்டில் அடங்கியது. ஏடு போனது, பெயர் தங்கிவிட்டது.

ப்ளூஸில் இதனால் ஒரு குழப்பம். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலும் டெக்சஸில் பாடிப் பதிவு செய்தவை 29 பாடல்கள். அவர் 1938இல், 27 வயதில் இறந்தார். எல்பி தட்டு வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே. அவற்றிலிருந்து 16 பாடல்களைப் பொறுக்கி 1961இல் ஒரு எல்பி வெளியிட்டார்கள். இன்று அவருடைய ‘ஆல்பம்’ என்று கொண்டாடப்படுவது அதுதான். ஆனால் ஜான்சன் அந்தப் பாடல்களை வரிசையாகக் கேட்பதற்குப் பாடவில்லை. தட்டுக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பதினாறையும் ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. இரண்டு பாட்டு கேட்டு நிறுத்துங்கள், மறுபடி அதே இரண்டைக் கேளுங்கள்; ஒற்றைக் கிதாரில் அவர் கீழ்த்தந்தியையும் மேல்தந்தியையும் இரண்டு ஆள் வாசிப்பதுபோல் பிரித்து வாசிப்பது அப்போதுதான் காதில் பிடிபடும். இன்னொரு ப்ளூஸ் பாடகரான மடி வாட்டர்ஸின் 1958ஆம் ஆண்டுத் தட்டும், தனித்தனிப் பாடல்களைப் பின்னால் சேர்த்த இந்த வகையே.

ஜாஸ் வேறு. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில், நியூயார்க்கில் ஒரே ஸ்டுடியோவில் பதிவானது. ஐந்தே உருப்படிகள். முழு ஒத்திகை இல்லாமல், ஸ்வர வரிசைகளைக் குறித்த சிறு குறிப்புகளை மட்டும் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார் டேவிஸ். இங்கே ஆல்பம் என்றால் அந்த இரண்டு நாள், அந்த அறை, அங்கே கூடிய ஆட்கள். இதில் ஒரு சேதியும் உண்டு. மார்ச் மாதப் பதிவின்போது ஒலிநாடாக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியதால், அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் இம்மியளவு வேகமாகவும் சுருதி கூடியும் ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

ராக் இசைக்காரர்கள் அறுபதுகளின் நடுவிலிருந்து தட்டின் அமைப்பையே இசையின் பகுதியாக்கினார்கள். பீட்டில்ஸின் 1969 ‘அபி ரோட்’ முதல் பக்கம், திரும்பத் திரும்ப வரும் கனத்த கிதாரின் நடுவில் கத்தரித்த மாதிரி சட்டென்று நின்றுவிடும். கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டால் ‘ஹியர் கம்ஸ் த சன்’ பாடலின் மென்மையான கிதார். இன்று செயலியில் கேட்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். இரண்டாம் பக்கத்தின் பிற்பாதியில் குட்டிப் பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வரும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் கேட்டால் அது கெட்டே போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இசைத்தட்டு, ஒலிநாடா, ஒலிப்பேழை எல்லாம் பொருளின் பெயர்கள். ஒரே ஆல்பம் இரண்டு தட்டிலும் வரலாம், தட்டே இல்லாமலும் வரலாம். பழக்கத்தில் இருக்கும் இசைத்தொகுப்பு நல்ல சொல், பொதுப்பெயராக அதுவே போதும். வகை பிரிக்க நம்மிடம் அதைவிடக் கூர்மையான சொற்கள் உண்டு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனியே நின்று முடிவது முத்தகம். ஜான்சன் பாடியவை முத்தகங்கள். பின்னால் ஒருவர் சேர்த்ததைத் ‘தனிப்பாடல் திரட்டு’ என்கிற வழக்கப்படி திரட்டு என்றே சொல்லலாம். பொருளாலும் இடத்தாலும் காலத்தாலும் சேர்வது தொகைநிலை என்கிறது தண்டியலங்காரம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இடமும் காலமும் ஒன்றாக்கிய இசைத்தொகை. ஒன்றிலிருந்து அடுத்தது தொடுத்து வரும் ‘அபி ரோட்’ பிற்பாதி, தொடர்நிலை.

நம்மூரில் சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டை ‘ஆல்பம் சாங்’ என்கிறார்கள். தொகுப்பின் பெயரைத் தனிப்பாட்டுக்கு வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அதற்குத் தனிப்பாடல் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, எல்லோருக்கும் புரியவும் புரியும்.