ஸ்பிரிங் ரேட்: தமிழில் சுருள்வில் விறைப்பு

ஒரு சுருள்வில்லை மேற்கொண்டு ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு கூடுதலாகத் தேவையோ, அதுதான் அந்த வில்லின் 'ஸ்பிரிங் ரேட்'. அமெரிக்க மண் ஓடுகளங்களில் ஸ்டாக் கார் (சாலைக் காரைத் திருத்திச் செய்த பந்தய வண்டி) ஓட்டுபவர்கள் '800 ஸ்பிரிங்' என்று சொன்னால், ஓர் அங்குலம் அமுக்க 800, இரண்டு அங்குலத்துக்கு மொத்தம் 1,600, மூன்றுக்கு மொத்தம் 2,400 பவுண்டு என்று பொருள். இந்த எண் வில்லின் உயரத்தைச் சொல்வதில்லை. அது தாங்கும் மொத்த எடையும் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் தவறான வில்லை வாங்கி மாட்டுகிறார்கள்.

'ஸ்பிரிங்' பழைய ஆங்கிலத்தில் துள்ளுதல், பாய்தல் என்ற பொருளில் இருந்த வினை. அமுக்கினால் துள்ளி மீள்வதால் அந்தக் கருவிக்கும் அதுவே பெயராயிற்று. தமிழர் துள்ளலைப் பார்க்கவில்லை, வடிவத்தைப் பார்த்தார்கள். வளைந்த இரும்புப் பட்டைகள் வைத்த மாட்டுவண்டி நமக்கு வில்வண்டி. கம்பியைச் சுருட்டிச் செய்தது சுருள்வில். இலங்கைப் பாடநூல்களில் வரும் விற்றராசும் (ஸ்பிரிங் தராசு) இந்த வழி வந்த சொல்தான்.

'ரேட்' இலத்தீன் 'ராட்டா'விலிருந்து வந்தது. கணக்கிட்டு வகுத்த பங்கு என்பது அதன் பொருள். நம் 'வீதம்' இதற்கு நேர் இணை: 'அங்குலத்துக்கு 800 பவுண்டு வீதம்'. ஆனால் 'வில் வீதம்' என்று பெயராக்கினால் படிப்பவர் சதவீதத்தையோ வேகத்தையோ நினைப்பார். பாடநூலின் 'சுருள்வில் மாறிலி' சரியான சொல்தான். நீட்சியும் விசையும் ஒரே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியின் மாறிலி அது. அமுங்க அமுங்க இறுகும்படி செய்த வில்களும் இருக்கின்றன. அவற்றில் இந்த எண் மாறிக்கொண்டே போகும். மாறுவதை மாறிலி என்பது பொருந்தாது. 'சுருள்வில் விறைப்பு' என்பதே இரண்டுக்கும் நிற்கும். பட்டறையில் 'விறைப்பான ஸ்பிரிங்' என்றால் யாருக்கும் விளங்கும்.

எஃகு வில்லின் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் (முனையில் படிந்து கிடக்காமல் அமுங்கும்) சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்று. கம்பி 10 சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் ஏறும். சுருளின் சராசரி விட்டம் 10 சதவீதம் விரிந்தால் 25 சதவீதம் குறையும். வேலை செய்யும் 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் 14 சதவீதம் கூடும். வண்டியைத் தாழ்த்தத்தான் வெட்டுகிறோம் என்று நினைப்பவர்கள், தெரியாமலே வில்லையும் விறைக்க வைத்துவிடுகிறார்கள். கேஸ் கட்டரால் வெட்டினால் சூடுபட்ட இடத்தில் எஃகின் பதமும் போய்விடும். பழைய வில் தொய்ந்தால் உயரம்தான் குறையும், விறைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

1978 முதல் 1988 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் 'மெட்ரிக்' சேஸிகள் (வண்டியின் அடிச்சட்டங்கள்) இந்தப் பந்தயங்களில் பரவலாக ஓடுகின்றன. முன்பக்கத்துக்கு விற்கும் பந்தய வில் வழக்கமாக 5.5 அங்குல விட்டம், 9.5 அங்குல உயரம். அது சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்காரும். ஆர்மின் உள் போல்ட்டிலிருந்து வில்லின் மையம் வரை உள்ள தூரத்தை, அதே போல்ட்டிலிருந்து சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட் மையம் வரை உள்ள தூரத்தால் வகுங்கள். வரும் எண்ணின் வர்க்கத்தால் வில்லின் விறைப்பைப் பெருக்கினால் 'வீல் ரேட்', அதாவது சக்கர விறைப்பு கிடைக்கும். விகிதம் 0.5 என்றால் 800 பவுண்டு வில் சக்கரத்தில் 200தான். 0.8 விகிதத்தில் மாட்டிய காயில் ஓவருக்கு (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே வில் உட்காரும் அமைப்பு) அதே 200ஐப் பெற 310 அளவுள்ள வில் போதும். இன்னொரு வண்டியின் எண்ணை அப்படியே எடுத்து மாட்டக் கூடாது என்பது இதனால்தான்.

அந்த 0.5 ஆர்மில் வில்மேல் 1,600 பவுண்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். 800 வில் 2 அங்குலம் அமுங்கும், 600 வில் 2.67 அங்குலம். இரண்டும் ஒரே உயரமானால், 800ஐ எடுத்து 600 மாட்டிய மூலை சக்கரத்தருகே 1.3 அங்குலம் இறங்கிவிடும். நான்கு சக்கர எடைப் பங்கீடும் குலையும். உயரத்தைச் சரிசெய்யாமல் களத்தில் இறக்கிவிட்டு, வில்லைக் குறை சொல்வதில் பயனில்லை.

மென்மைக்கும் எல்லை உண்டு. 0.71 அங்குலக் கம்பி மொத்தம் 7.5 சுற்று என்றால் 5.3 அங்குலத்தில் சுற்றோடு சுற்று முட்டிவிடும். 9.5 உயர வில்லில் 2.67 நின்ற நிலையிலேயே போனால், பாக்கி ஒன்றரை அங்குலம். முட்டியபின் அது வில் இல்லை, இரும்புத் துண்டு. டயர் பிடியை விட்டு, வண்டியின் மூக்கு திருப்பத்துக்கு வெளியே போகும்.

இந்தக் களங்களில் இடப்பக்கமே திரும்புவதால் வலது முன்சக்கரம்தான் சுமக்கிறது. அங்கே வில்லின் விறைப்பை இடதைவிட 50 முதல் 100 பவுண்டு கூட்டி வைப்பது வழக்கமான தொடக்கம். அதற்குமேல் விறைத்தால் திருப்பத்தில் முன்பக்கம் வெளியே தள்ளும். ஈரம் காய்ந்து வழுக்கும் களத்தில் பிடி குறைவு, சாயும் எடையும் குறைவு. மென்மையான வில்தான் டயரை மண்ணில் பதிக்கும்.

வாங்கிய வில்லின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் அளந்துவிடுவது நல்லது. சோதனைக் கருவியில் முதலில் ஓர் அங்குலம் அமுக்குங்கள். ஓரச் சுற்றுகள் படிவதற்கான அந்த அங்குலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கிருந்து இன்னும் ஓர் அங்குலம் அமுக்கும்போது ஏறும் பவுண்டு எவ்வளவோ, அதுவே விறைப்பு. வண்டி நிற்கும் உயரத்திலும் ஒருமுறை அளந்து, அந்த எண்ணை வில்லின் மேலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.