கைநாட்டு வைப்பவரிடம் மறதியை எப்படிச் சோதிப்பது?

கூடலூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுபதைக் கடந்த ஒரு பாட்டியை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தபோது, அவர்கள் கொண்டுவந்த பழைய சீட்டில் ‘30க்கு 14, டிமென்ஷியாவாக இருக்கலாம்’ என்று, அதாவது மறதி நோயாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் அது. பாட்டி பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. வேலைக்காலம் முழுவதும் சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வைத்தார்.

அந்த 30 மதிப்பெண் சோதனை, நினைவையும் சிந்தனையையும் அளக்க 1975இல் அமெரிக்காவில் உருவான எம்.எம்.எஸ்.இ. ‘கண்களை மூடுங்கள்’ என்ற எழுத்தைப் படித்து அதன்படி செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு 1, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போவதற்கு 5. ஆக, பென்சிலையே பிடித்தறியாத ஒருவர் நோய் எதுவும் இல்லாமலேயே இந்த எட்டு மதிப்பெண்ணையும் இழக்கக்கூடும்.

நான் தேதியைக் கேட்டேன். “தேதியெல்லாம் எனக்கு எங்க தெரியும் சாமி, நாளன்னைக்கு ரேஷன்ல பருப்பு போடுறாங்க” என்றார். அது சரிதான் என்று மகள் தலையசைத்தார். அன்று காலை வீட்டில் நடந்ததை வரிசை பிசகாமல் சொன்னார். ஆனால் மெல்லப் பேசினால் அவருக்குக் கேட்கவில்லை; இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. முதலில் கவனிக்க வேண்டியிருந்தவை அவையே.

எழுத்தறியாதவர்களுக்கென்றே 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் எம்.எம்.எஸ்.இ.யை ஹிந்தியில் மாற்றியமைத்தார்கள். அதில் படிப்பதற்குப் பதிலாக, சோதிப்பவர் கண்ணை மூடிக் காட்ட, எதிரில் இருப்பவர் அதுபோலவே செய்தால் போதும். எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் வாயால் சொன்னால் போதும். சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்திய 10/66 குழு (வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராயும் பன்னாட்டு ஆய்வுக் குழு), முதியவரைக் கேட்பதோடு அவரை நன்கறிந்த ஒருவரையும் தனியே கேட்கும் முறையைப் பின்பற்றியது. நீலகிரியில் மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் படுகு பேசுபவரையோ பணியர் மொழி பேசுபவரையோ தமிழில் மட்டும் சோதித்துவிட்டு நினைவு குறைந்துவிட்டது என்று எழுதுவது நியாயமில்லை.

அதற்காக, படிக்காதவர் என்று சில மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவதும் தவறு. கல்வி வாய்ப்புக் குறைவு டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்று என்பதால், தவறவிடக் கூடாதவர்கள் இவர்களிடையேதான் அதிகம். இன்னொரு தோட்டத்தில் ஓய்வுக்குப் பின்னும் தினக்கூலிக்குப் போய்வந்த ஒரு பெண்மணி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் பழகிய கையால் முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கத் தொடங்கியிருந்தார். பார்வைக் குறைவு என்று வீட்டார் நினைத்தார்கள்; கண்ணைச் சோதித்தால் குறையில்லை. குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுவதையும், லைன் வீட்டுக்குத் திரும்பும் பாதையில் நின்றுவிடுவதையும் மருமகள் சொன்ன பிறகே ஒரு வருடமாக நோய் வளர்ந்துவருவது எனக்குப் புலப்பட்டது. எந்த வினாத்தாளையும்விட அந்த முற்றிய இலை முன்னதாகவே சொல்லியிருந்தது என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆகவே, ஒருவர் தமக்குப் பழகிய வேலையில் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதையே நான் முதலில் கேட்கிறேன்: சில்லறை எண்ணுவது, சந்தைச் சாமான்களை நினைவில் வைத்து வாங்குவது, மாட்டுக்குத் தீனி வைத்தோமா என்று அறிவது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஓரிரு நாளில் திடீரென ஏற்படும் குழப்பம் வேறு வகை. அதற்கு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பரிசோதனைக்கு அழைத்து வரும்போது, நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த மகனை மட்டும் அனுப்பாமல், அவரோடு ஒரே அடுப்பில் சமைப்பவரையும் சேர்த்து அனுப்புங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் இருந்தால் மறக்காமல் போட்டு அழைத்து வாருங்கள்.