கார்னர்னா மூலையா, முனையா? ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஸ்பானிஷ்ல ரெண்டா பிரியுற கதை

இங்கிலீஷ்ல கார்னர்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. நாம ரோடு திரும்புற இடத்த தெருமுனைன்னு சொல்லுவோம், ரூமுக்குள்ள ரெண்டு சுவர் சேர்ற இடத்த மூலைன்னு சொல்லுவோம், ரூமுக்குள்ள போய் யாரும் முனைன்னு சொல்றதில்ல. ஸ்பானிஷ்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான், வெளிப்பக்கம் நீட்டிக்கிட்டு இருந்தா எஸ்கினா, உள்பக்கம் ஒதுங்கி இருந்தா ரின்கோன். ஆனா இங்கிலீஷ்லயே பொறந்து வளந்த ஒருத்தர்கிட்ட போய் கார்னருக்கு ரெண்டு அர்த்தம் இருக்கேன்னு சொன்னா, எங்க இருக்குன்னு திருப்பி கேப்பாரு. மொழிபெயர்ப்புல என்னைய அசர வைக்கிற இடமே இதுதான்.

பல அர்த்தம்னு சொன்னதும் எல்லாரும் பேங்க்ங்கற வார்த்தையத்தான் எடுப்பாங்க. பணம் போடுற இடம்னா ஸ்பானிஷ்ல பாங்கோ, ஆத்தங்கரைன்னா ஓரிய்யா. இது ஈசியான வகை, ஏன்னா ரெண்டும் வேற வேறன்னு இங்கிலீஷ்காரருக்கே தெரியும், அகராதியிலயும் தனித்தனியா போட்டிருக்கும். (பாங்கோன்னா ஸ்பானிஷ்ல உக்கார்ற பெஞ்சும்தான், மீன் கூட்டத்துக்கும் அதே பேருதான், அதனால திரும்பி வரும்போது வேற குழப்பம்.) கஷ்டமானது கார்னர் மாதிரி ஒளிஞ்சிருக்கிற வகை. லெக்னா மனுஷனுக்கு பியெர்னா, நாய்க்கும் மேஜைக்கும் பாத்தா. தெரியும்ங்கறதுக்கு இங்கிலீஷ்ல நோ (know), அதுல ஒரு தகவல் தெரியும்னா ஸபேர், ஒரு ஆளைத் தெரியும்னா கோனோஸேர். எழுதுறவரு இத பிரிச்சு யோசிச்சே இருக்க மாட்டாரு, ஆனா ஸ்பானிஷ்ல எழுதணும்னா ரெண்டுல ஒன்ன எடுத்தே ஆகணும், நடுவுல நிக்க வழியே கிடையாது.

சரி, மொழிபெயர்க்கிற மெஷின் எத வச்சு முடிவு பண்ணுது? 1949ல வாரன் வீவர்ங்கற அமெரிக்க கணித அறிஞர் ஒரு குறிப்புல அழகா சொல்லியிருக்காரு. ஒரு பக்கத்த அட்டையால மூடி, ஒரே ஒரு வார்த்தை தெரியுற மாதிரி ஓட்டை போட்டா அர்த்தம் பிடிபடாது, ஓட்டைய ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்கினா ஒரு கட்டத்துல பிடிபட்டுடும். டைம்ங்கற வார்த்தைய பாருங்க. பக்கத்துல "எத்தனை"ன்னு வந்தா வேஸெஸ், "இப்ப என்ன"ன்னு கேட்டா ஓரா, "எனக்கு இல்ல"ன்னு சொன்னா தியெம்போ. பக்கத்து வார்த்தை ஒன்னு ரெண்டு தெரிஞ்சாலே வேலை முடிஞ்சது.

ஆனா 1960ல பார்-ஹில்லெல்ங்கற ஆய்வாளர் இது எல்லா இடத்துலயும் செல்லாதுன்னு ஒரு உதாரணத்தோட காட்டினாரு. சின்னப் பையன் பொம்மைப் பெட்டிய தேடுறான், கடைசில கிடைச்சிடுது, பெட்டி "பென்"ல இருந்துச்சு. பென்னுன்னா பேனாவும்தான், குழந்தைய விளையாட விடுற தடுப்பும்தான். ஸ்பானிஷ்ல முதலாவது ப்ளூமா, ரெண்டாவது பல நாடுகள்ல கோரலீத்தோ. பேனாக்குள்ள பெட்டி போகாதுன்னு நமக்கு தெரியும், ஆனா அந்த வரியில எந்த வார்த்தையும் அத சொல்லலையே. இதுக்கு மொழி தெரிஞ்சா பத்தாது, எது பெருசு எது சிறுசுன்னு உலகம் தெரியணும், எந்த மெஷினாலயும் இது முடியாதுன்னே அவரு அடிச்சு சொன்னாரு.

இப்போ பெரும்பாலும் முடியுது, 2017ல கூகுள் ஆய்வாளர்கள் கொண்டு வந்த டிரான்ஸ்ஃபார்மர்ங்கற அமைப்பு அதுக்கு ஒரு பெரிய காரணம். அதுல ஒவ்வொரு வார்த்தையும் ஒரு நீளமான எண் வரிசையா மாறும், அப்புறம் ஒவ்வொரு வார்த்தையும் வரியில இருக்கிற மத்த எல்லா வார்த்தையையும் பாத்து, எது தனக்கு முக்கியமோ அதுகிட்ட இருந்து கொஞ்சம் வாங்கிக்கும். பக்கத்துல மேஜை இருந்தா லெக்கோட எண்கள் பாத்தா பக்கம் நகரும், முழங்கால் வலின்னு வந்தா பியெர்னா பக்கம் நகரும். இது ஒரு தடவை இல்ல, அடுக்கடுக்கா பல தடவை நடக்கும். கோடிக்கணக்கான வரிகள படிச்சதால பெட்டி, பொம்மை, குழந்தை, தடுப்பு எல்லாம் ஒன்னா வர்ற பழக்கமும் அதுக்குள்ள பதிஞ்சிருக்கு.

இவ்ளோ இருந்தும் மாட்டுற ஒரு இடம் இருக்கு. "எனக்கு மீன் பிடிக்கும்"ங்கறத இங்கிலீஷ்ல வெறும் மூணே வார்த்தையில சொல்லுவாங்க. உயிரோட நீந்துற மீன் பெஸ், பிடிச்சு சாப்பாடா ஆனது பெஸ்காதோ. அந்த மூணு வார்த்தைய எவ்ளோ பெரிய ஓட்டை வழியா பாத்தாலும் விடை அதுக்குள்ள இல்ல. மெஷின் எது அதிகமா புழங்குதோ அந்தப் பக்கம் சாயும், அனேகமா தட்டுல இருக்கிற மீன்தான் வரும். முன்னாடி வரியில "வீட்டுல ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வச்சிருக்கேன்"னு எழுதி ரெண்டையும் சேத்து குடுத்தா, தொட்டி மீன் வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனால ஸ்பானிஷ்ல மாத்தணும்னா ஒரு வரிய மட்டும் வெட்டி ஒட்டாம, அதுக்கு முன்னாடி உள்ள ரெண்டு வரியையும் சேத்தே போடுங்க.