வாஷ்பேக்: தமிழில் தேர்வுத் தாக்கம்

துடுப்போ கப்பலோ பின்னே தள்ளும் நீரை ஆங்கிலத்தில் 'பேக்வாஷ்' என்பார்கள். கரையில் மோதித் திரும்பும் அலைக்கும் அதே பெயர்தான். கல்வித்துறை இச்சொல்லை எடுத்துக்கொண்டது. மொழித்தேர்வு ஆய்வாளர்கள் பலர் அதைத் திருப்பிப்போட்டு 'வாஷ்பேக்' என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ஆண்டுக் கடைசியில் வரப்போகும் தேர்வு, முதல் நாளிலிருந்தே பாடம் நடத்தும் விதத்தை மாற்றிவிடுவது.

ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியில் இதைத் துலக்கமாகப் பார்க்கலாம். ஜப்பானின் தேசியப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் 2006 இல்தான் கேட்டல் பகுதி சேர்ந்தது. எழுத்துத்தாளுக்கு 200, கேட்டலுக்கு 50 மதிப்பெண். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே ஒரு சிறு ஒலிக்கருவியும் காதில் மாட்டும் இயர்போனும் கொடுத்தார்கள். 2021 இல் வந்த புதிய தேர்வில் வாசிப்புக்கு 100, கேட்டலுக்கும் 100. முன்பு எல்லாம் இரண்டு முறை ஒலித்தன. இப்போது சில கேள்விகளுக்கு ஒரே முறைதான்.

மதிப்பெண் கூடினால் வகுப்பில் அதற்கு நேரமும் கூடும். அது நல்லதே. ஆனால் எந்த மாதிரிக் கேட்டல்? ஒலி தொடங்குமுன் நான்கு விடைகளையும் படித்து, எண்ணையும் இடத்தையும் அடிக்கோடிட்டு, அந்தச் சொல் காதில் விழக் காத்திருப்பது தேர்வுக்கான உத்தி. 'என்ன சொன்னீர்கள், இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்கும் பழக்கம் அதில் வராது. நேரில் ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்ள அதுதானே முதலில் வேண்டும்!

இலங்கையில் 1988 இல் ஆங்கிலத்துக்குப் புதிய 'சாதாரண தர'ப் பரீட்சை (ஓ லெவல் எனப்படும் பள்ளிப் பொதுத்தேர்வு) வந்தது. அதை ஆராய்ந்த டயான் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் இருவரும் 1993 இல் எழுதிய முடிவு இன்றும் பொருந்துகிறது: எதைக் கற்பிப்பது என்பதைப் பரீட்சை மாற்றியது; எப்படிக் கற்பிப்பது என்பதை மாற்றவில்லை. பரீட்சை நெருங்கியதும் ஆசிரியர்கள் பாடநூலை ஓரம் வைத்துவிட்டுப் பழைய வினாத்தாள்களில் இறங்கினார்கள்.

வாஷ்பேக்கைத் தமிழில் 'பின்விளைவு' எனலாமா? அது நடந்து முடிந்த ஒன்றுக்குப் பிறகு வருவது. தீமையின் சாயலும் ஒட்டியிருக்கிறது. வாஷ்பேக்கோ தேர்வுக்கு முன்பே தொடங்குவது, நல்லதாகவும் இருக்கக்கூடியது. 'பின்னலை' (பின் + அலை) என்றால் சடைப்பின்னல் நினைவுக்கு வரும். 'தேர்வுத் தாக்கம்' போதும். அலை போய்விடுகிறது, பொருள் நிற்கிறது. 'நல்ல தேர்வுத் தாக்கம்', 'கெட்ட தேர்வுத் தாக்கம்' என்று பிரித்துச் சொல்லவும் இடம் கொடுக்கிறது. இலங்கையில் எழுதுவோர் 'பரீட்சைத் தாக்கம்' என்றே எழுதலாம்.